பத்து வருட விசா, ஆறு மாதத் தங்கல்

மகள் பிரசவத்துக்காக ராசிபுரத்திலிருந்தோ ஆத்தூரிலிருந்தோ அமெரிக்கா கிளம்பும் அம்மாக்களே, பாஸ்போர்ட்டில் 10 வருட விசா இருக்கிறதே என்று அசந்துவிடாதீர்கள். அது வாசல்வரை போகத்தான். உள்ளே எத்தனை நாள் என்பதை இறங்குமிடத்து அதிகாரிதான் முடிவு செய்வார். சுற்றுலா விசாவுக்கு வழக்கமாக 6 மாதம். ஐ-94 என்ற நுழைவுப் பதிவில் இருக்கும் தேதிதான் கெடு. இறங்கிய வாரமே அதை இணையத்தில் எடுத்து, காலண்டரில் வட்டம் போடுங்கள். கூடுதலாகத் தங்க ஐ-539 விண்ணப்பத்தைக் கெடுவுக்கு முன்பே போட வேண்டும். சும்மா தங்கினால், ஒரே நாள் தாண்டினாலும் அந்த விசா போச்சு. 180 நாளுக்கு மேல் தாண்டிவிட்டு ஊர் திரும்பினால் 3 ஆண்டு நுழைவுத் தடை; ஒரு வருடத்தைத் தொட்டால் 10 ஆண்டு. அதனால், பேரன் காதுகுத்தை ஊரிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்!