அப்பாவின் ஆபரேஷனுக்குப் பணம் திரட்டும்போது

சிறுநீரகமோ கல்லீரலோ மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேட்டால், கருமத்தம்பட்டி, சோமனூர்ப் பக்கம் எந்த வீட்டிலும் ஆஸ்பத்திரி எழுதிக் கொடுத்த தொகையைத்தான் சொல்வார்கள். அது ஆபரேஷன் செலவு மட்டுமே. அதைத் திரட்டிவிட்டு, ஆறாம் மாதம் மாத்திரைக்குக் கம்மலை அடகு வைத்த குடும்பங்களைப் பார்த்ததால்தான் இதை எழுதுகிறேன்.

யாரிடமும் கை நீட்டுமுன் காப்பீட்டை முடியுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கோவை கலெக்டர் ஆபீஸ் மையத்துக்குப் போங்கள். பொது வரம்பு ஆண்டுக்கு 5 லட்சம். உறுப்பு மாற்றுக்குத் தனி நிதியிலிருந்து அதற்கு மேலும் அனுமதி உண்டு. திட்டத்தின் பட்டியலில் ஆஸ்பத்திரி பெயர் இருந்தால் மட்டும் போதாது, உங்களுக்கு வேண்டிய அந்த மாற்று சிகிச்சைக்கும் அங்கே அனுமதி இருக்க வேண்டும். அட்மிட் ஆகுமுன் 1800 425 3993க்குப் பேசி உறுதி செய்யுங்கள். மில் வேலையில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், உங்களை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் அது உதவுமா என்று விசாரியுங்கள். பிரதமர் நிவாரண நிதிக்கு எம்.பி.யின் பரிந்துரைக் கடிதம் வாங்கி, ஆபரேஷனுக்கு முன்பே அனுப்பிவிட வேண்டும். செலவழித்துவிட்டுப் பில்லோடு போனால் கிடைக்காது.

இனி, சறுக்கும் இடம். ஒரு நோட்டில் மூன்று பக்கம் ஒதுக்குங்கள். முதல் பக்கம், ஆபரேஷனுக்கு முந்தைய செலவு. உறுப்பு கொடுப்பவருக்கும் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் உண்டு. ஒருவர் பொருந்தாவிட்டால் அடுத்தவருக்கும் அதே செலவு. இரண்டாவது, ஆஸ்பத்திரி சொன்ன தொகை. மூன்றாவதைத்தான் எல்லோரும் வெறுமையாக விடுகிறார்கள். புது உறுப்பை உடம்பு ஒதுக்காமலிருக்க டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட் மாதிரியான மாத்திரைகள் வாழ்நாள் முழுக்க வேண்டும். மருந்தின் அளவு பார்க்கும் ரத்தப் பரிசோதனை முதல் சில மாதங்கள் அடிக்கடி இருக்கும். காய்ச்சல் வந்தால் மறுபடி அட்மிஷன். மகனே சிறுநீரகம் கொடுத்திருந்தால் அப்பா, மகன் இருவரின் கூலியும் நிற்கும்; தறி ஓட்டுகிற வீட்டில் அது சின்ன விஷயமா? சென்னையில் ஆபரேஷன் என்றால் மாதக்கணக்கில் அறை வாடகையும் சேரும். மாத்திரைச் செலவை டாக்டரிடமே கேட்டு, 12ஆல் பெருக்கி எழுதுங்கள். திரளும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டு, ஆபரேஷன் முடியும்வரை தொடாதீர்கள். இது என் விதி, யார் சிரித்தாலும் மாற்றுவதாக இல்லை.

யாரிடம் கேட்பது? 2021இல் குமாரபாளையத்துக் குழந்தையின் மரபணு மருந்துக்கு 16 கோடி ரூபாய் திரண்டது. குழந்தையின் முகத்துக்கு ஊர் பேர் தெரியாதவர்களும் கொடுப்பார்கள். அறுபது வயது அப்பாவுக்கு அவரைத் தெரிந்தவர்கள்தான் கொடுப்பார்கள். அதனால் பீரோவிலிருக்கும் மொய் நோட்டை எடுங்கள். அப்பா யார் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் செய்தாரோ அந்தப் பட்டியல்தான் உங்கள் முதல் பட்டியல். வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு உட்கார்ந்திராமல் நேரில் போங்கள். “முடிஞ்சதக் குடுங்க” என்றால் ஐநூறோடு முடிந்துவிடும். “மாமா, அப்பாவோட தை மாச மாத்திரய நீங்க பாத்துக்கோணுங்க” என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மாமா மறுப்பதில்லை.

இணையத் தளத்தில் போடுவதானால் கட்டணம் எவ்வளவு, விளம்பரத்துக்கு எத்தனை சதவீதம் பிடிப்பார்கள் என்று படித்த பிறகு போடுங்கள். முடிந்தவரை பணம் ஆஸ்பத்திரிக் கணக்குக்கே, நோயாளி எண்ணோடு நேராகப் போகட்டும். நெருங்கிய உறவல்லாதவர்களிடமிருந்து உங்கள் கணக்குக்கு ஓர் ஆண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால் அது வருமானமாகக் கணக்கிடப்படலாம். ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவரிடமே ரொக்கமாக 2 லட்சமோ அதற்கு மேலோ வாங்கக் கூடாது. பத்து ரூபாய் வந்தாலும் நோட்டில் ஏறட்டும்.

“கிட்னிக்கு ஆள் இருக்கு, பணம் மட்டும் ரெடி பண்ணுங்க” என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி உறுப்பை விற்பது, வாங்குவது, தரகு பார்ப்பது எல்லாமே குற்றம். பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்களிடம் சிறுநீரகம் வாங்கிய விவகாரம் 2025இல் எப்படி வெடித்தது என்று நாமே பார்த்தோம். மருமகனோ சித்தப்பா மகனோ மனமொப்பிக் கொடுத்தாலும் சட்டத்தில் அவர்கள் நெருங்கிய உறவில்லை. அங்கீகாரக் குழுவின் அனுமதி வேண்டும். ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர் என்றிருந்தால் அங்கேதான் வாரக்கணக்கில் இழுக்கும்; இப்போதே திருத்துங்கள். மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புக்குக் காத்திருப்பவர்களை ஆஸ்பத்திரி மூலம் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தில் பதிவு செய்வார்கள். அந்த வரிசையில் காசு கொடுத்து முன்னால் போக வழி கிடையாது.

வீட்டுக்கு வந்த பிறகு, விலை குறைவு என்று டாக்ரோலிமஸை வேறு கம்பெனிக்கு நீங்களாக மாற்றாதீர்கள். மாற்றத்தான் வேண்டுமென்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றி, ரத்தத்தில் அளவை மறுபடி பாருங்கள். மாதாமாதம் மாத்திரை வாங்கியதும் பில்லைப் படமெடுத்து, அந்த மாதத்தை ஏற்றுக்கொண்ட மாமாவுக்கு அனுப்பிவிடுங்கள்.