ரெசின் அச்சில் கோணல் விழுவது ஏன்?

முப்பரிமாண அச்சு என்றதும் நம் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வருவது, பிளாஸ்டிக் கம்பியை உருக்கிக் கோலம் போடுவதுபோல் அடுக்கிக்கொண்டே போகும் இயந்திரம். பள்ளி ஆய்வகங்களில் பெரும்பாலும் இருப்பது அதுதான். ஆனால் இந்தத் தொழில் பிறந்தது கம்பியில் அல்ல, தொட்டியில் நிரப்பிய ஒரு திரவத்தில். அந்தத் திரவத்துக்கு ரெசின் என்று பெயர். புற ஊதா ஒளி பட்ட இடத்தில் மட்டும் அது கெட்டியாகிவிடும். ஒரு மெல்லிய ஏட்டின் கனத்துக்குத் திரவம், அதன்மேல் ஒளியால் ஒரு படம். அது உறைந்ததும் மறுபடி திரவம், மறுபடி படம். இப்படி நூற்றுக்கணக்கான ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு ஒரு முழுப் பொருள் உருவாகிறது.

ஜப்பானில் நகோயா நகரத் தொழில் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஹிடியோ கொடாமா 1981இல் இந்த முறையைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். அமெரிக்காவில் சார்லஸ் ஹல் 1984இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1986இல் பெற்றார். அதே ஆண்டு த்ரீ டி சிஸ்டம்ஸ் என்ற நிறுவனத்தையும் தொடங்கினார். இயந்திரங்கள் விற்பனைக்கு வந்தபோதே ஒரு நோயும் கூட வந்தது. கணினித் திரையில் நேராக இருந்த தட்டு, தொட்டியிலிருந்து எடுத்தால் ஓரங்கள் தூக்கிக்கொண்டு தாம்பாளம்போல் நின்றது. சுவரில் மாட்டும் கைத்தாங்கிபோல் நீட்டிக்கொண்டிருந்த பாகங்கள் நுனியில் மேல்நோக்கி வளைந்தன.

பொம்மை என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் இன்று ரெசின் அச்சு எங்கெல்லாம் போயிருக்கிறது என்று பாருங்கள். காதுக்குள் வைக்கும் செவிக்கருவியின் கூடு இதில் செய்யப்படுகிறது. நகைப் பட்டறைகளில் மெழுகு அச்சுக்குப் பதிலாக ரெசின் மாதிரியை வைத்து வார்ப்பு எடுக்கிறார்கள். பல் மருத்துவத்தில் இம்பிளான்ட் திருகு வைக்கும்போது, எலும்பில் எந்த இடத்தில், எந்தச் சாய்வில் துளை போட வேண்டும் என்று காட்டும் வழிகாட்டித் தகடும் ரெசினில் அச்சாகிறது. இது பல் வரிசையின் மேல் குதிரை லாடம்போல் உட்காரும். லாடத்தின் இரு கால்கள் சற்றே உள்பக்கம் நெருங்கினாலும் தகடு சரியாக உட்காராது, துளையின் திசை மாறும். கீழ்த்தாடை எலும்புக்குள் உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு ஓடுகிறது. அங்கே ஒரு மில்லிமீட்டர் என்பது சிறிய விஷயம் அல்ல.

சரி, கோணல் எங்கிருந்து வருகிறது? பலர் இயந்திரத்தைத்தான் முதலில் குறை சொல்கிறார்கள். தட்டு சமமாக இல்லை, திருகு தேய்ந்துவிட்டது என்று. அதுவும் உண்டு. ஆனால் மூல காரணம் ரெசினின் உடம்பிலேயே இருக்கிறது. திரவமாக இருக்கும்போது அதன் மூலக்கூறுகள் திருவிழாக் கூட்டம்போல் நெருங்கி நின்றாலும் ஒருவரையொருவர் தொடாமல் நிற்கின்றன. ஒளி பட்டதும் அவை கைகோத்துச் சங்கிலியாகின்றன. கை கோத்தால் இடைவெளி குறையத்தானே வேண்டும்? ஆகவே உறையும்போதே ரெசின் சுருங்குகிறது. அக்ரிலேட் வகை ரெசின்களில் இந்தச் சுருக்கம் கன அளவில் ஐந்து சதவீதமும் அதற்கு மேலும் இருக்கும். கன அளவில் 6 சதவீதம் என்றால் நீளத்தில் ஏறக்குறைய 2 சதவீதம். 100 மி.மீ. நீளத்துக்கு 2 மி.மீ. கணக்கு இப்படி. முழுப் பொருளில் அவ்வளவும் தெரியாது. திரவம் கூழாகும் வரை நடக்கும் சுருக்கத்தைப் பக்கத்துத் திரவம் ஓடிவந்து நிரப்பிவிடும். கூழ் இறுகிய பிறகு நடக்கும் சுருக்கம்தான் தொல்லை.

எல்லா இடமும் ஒரே சமயத்தில், ஒரே அளவில் சுருங்கினால் கோணல் வராது, பொருள் சிறிதாகும், அவ்வளவுதான். அதற்குக் கணினியில் சற்றுப் பெரிதாக வரைந்துகொண்டால் போதும். கோணல் வருவது, புதிய ஏடு சுருங்க நினைக்கும்போது கீழே உள்ள பழைய ஏடு ஏற்கெனவே சுருங்கி முடித்து உறுதியாக நிற்பதால். மேல் ஏடு இழுக்கிறது, கீழ் ஏடு விடமாட்டேன் என்கிறது. கடைசியில் இரண்டும் சேர்ந்து வளைகின்றன. மொட்டை மாடியில் உலர்த்திய அப்பளத்தில் வெயில் பட்ட மேற்பக்கம் முதலில் காய்ந்து சுருங்க, ஓரம் தூக்கிக்கொள்வதை நம் வீட்டுப் பெண்மணிகள் அறிவார்கள். அதனால்தான் அவர்கள் நேரம் பார்த்துத் திருப்பிப் போடுகிறார்கள். ரெசின் ஏட்டைத் திருப்பிப் போட முடியாது. அடுத்த ஏடு அதே பக்கத்தில்தான் வரும், அதுவும் அதே திசையில்தான் இழுக்கும்.

ரயில் பெட்டி, பாலம், தொட்டி என்று தகடுகளை வெல்டிங் செய்தவர்களுக்கு இது பழைய கதை. நீண்ட மூட்டு ஒன்றை ஒரு கோடியில் ஆரம்பித்து மறு கோடிவரை ஒரே மூச்சில் வெல்டிங் செய்தால் தகடு வில்லாக வளைந்துவிடும். உருகிய உலோகம் குளிர்ந்து சுருங்கும்போது இழுக்கும் இழுப்பு அது. கெட்டியாகக் கிளாம்ப் போட்டுப் பிடித்தால் வளைவு குறையும், ஆனால் கிளாம்பைக் கழற்றியதும் கொஞ்சம் வளைவு திரும்பி வரும். அனுபவமுள்ள வெல்டர் என்ன செய்வார்? கொஞ்சம் இங்கே, கொஞ்சம் அங்கே என்று விட்டு விட்டுப் போடுவார். அல்லது மூட்டு முன்னோக்கிப் போக, ஒவ்வொரு துண்டையும் பின்னோக்கிப் போடுவார். வெல்டிங்கின் மொத்த நீளம் ஒன்றுதான். வரிசைதான் வேறு.

வெல்டிங் பார்த்திராதவர்கள் சிமெண்ட் தளம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். பெரிய முற்றத்துக்குத் தளம் போடும்போது நல்ல மேஸ்திரி சதுரங்கப் பலகைபோல் ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டம் போடுவார். போட்ட கட்டங்கள் இறுகிச் சுருங்க இரண்டொரு நாள் விட்டுவிட்டு, பிறகு நடுவில் உள்ளவற்றை நிரப்புவார். சுருங்க வேண்டியதைச் சுருங்க விட்டுவிட்டுப் பிறகு இணைக்க வேண்டும். ரெசின் அச்சிலும் கோணலைக் குறைத்தது இதே யுக்திதான். பொறியாளர்கள் அதை எப்படிச் செய்தார்கள் என்பது சுவையான விஷயம்.

ஆரம்ப கால இயந்திரங்களில் லேசர் கதிர் ஒரு பேனா முனைபோல் திரவத்தின் மேல் கோடு கோடாக வரையும். நேரத்தை மிச்சப்படுத்த, வெளிச் சுவரையும் உள்ளே குறுக்கும் நெடுக்குமாகச் சில கோடுகளையும் மட்டும் வரைந்தார்கள். மேலும் கீழும் ஒரு தோல். நடுவே தேன்கூட்டில் தேன்போல் திரவ ரெசின் சிறைப்பட்டிருக்கும். பொருளை வெளியே எடுத்துப் புற ஊதா விளக்குப் பெட்டியில் வைத்து அந்தத் திரவத்தைப் பிறகு உறைய வைப்பார்கள். உள்ளே இருந்தது அப்போதுதான் சுருங்கத் தொடங்கும். அதுவரை நேராக இருந்த பொருள் பெட்டிக்குள் போய்க் கோணலாகித் திரும்பும்.

1990ஐ ஒட்டி த்ரீ டி சிஸ்டம்ஸில் பால் ஜேக்கப்ஸ் முதலானோர் வேறு முறையைக் கொண்டுவந்தார்கள். அதற்கு நெசவு என்ற பொருளில் வீவ் என்று பெயர். ஏட்டின் கனம் 0.25 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஒரே திசையில் நெருக்கமான இணைகோடுகளை லேசர் வரையும். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்கும். ஒளியின் அளவையும் சற்றுக் குறைத்து வைப்பார்கள். கோடு உறையும் ஆழம் ஏட்டின் கனத்தைவிடச் சுமார் 0.025 மி.மீ. குறைவு. அதாவது அந்தக் கோடுகள் கீழ் ஏட்டைத் தொடுவதில்லை, பக்கத்துக் கோட்டையும் தொடுவதில்லை. திரவத்தில் மிதந்தபடி தம் பாட்டுக்குச் சுருங்கிக்கொள்கின்றன. யாரையும் இழுப்பதில்லை. பிறகு அதே அளவு ஒளியுடன் குறுக்குத் திசையில் இரண்டாவது வரிசை. பாவும் ஊடும் சந்திக்கும் புள்ளிகளில் மட்டும் ஒளி இரண்டு முறை படுகிறது. இரு மடங்கு ஒளி பட்டால் உறையும் ஆழம் இரு மடங்காகிவிடாது, ஓரளவு கூடும். அந்த ஓரளவு போதும், அந்தப் புள்ளிகளில் மட்டும் ஏடு கீழ் ஏட்டோடு பிடித்துக்கொள்கிறது. சுருக்கத்தின் பெரும்பங்கு அதற்கு முன்பே முடிந்துவிட்டது. உள்ளே தங்கும் திரவமும் மிகக் குறைவு என்பதால் விளக்குப் பெட்டியில் வரும் கோணலும் குறைந்தது.

இதிலும் சில குறைகள் எஞ்சின. கோடுகள் எல்லா ஏட்டிலும் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்ததால், இடைவெளிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்து அந்த வழியில் விரிசல் விட்டது. செங்கல் சுவரில் செங்குத்து மூட்டுகள் ஒரே நேராக வந்தால் என்ன ஆகும் என்று கொத்தனாரைக் கேட்க வேண்டியதில்லை. அடுத்து வந்த ஸ்டார் வீவ் முறையில் மூன்று மாற்றங்கள் செய்தார்கள். ஒவ்வொரு ஏட்டின் கோடுகளையும் கீழ் ஏட்டின் இடைவெளிகளுக்கு மேலாக வரும்படி அரைப் படி தள்ளிப் போட்டார்கள், செங்கல் கட்டுவதுபோலவே. எந்தத் திசைக் கோடு முதலில், எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்பதை ஏட்டுக்கு ஏடு மாற்றினார்கள். அப்படிச் செய்ததால் ஒரு ஏட்டின் இழுப்பை அடுத்தது ஓரளவு ஈடு செய்தது. மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு கோட்டையும் ஒரு பக்கச் சுவரில் மட்டும் ஒட்டவிட்டு, மறுபக்கச் சுவருக்குக் கால் மில்லிமீட்டர் முன்பாகவே நிறுத்திவிட்டார்கள். இரண்டு முனையும் பிடிபட்டால் கோடு சுருங்கும்போது சுவர்களை உள்ளே இழுக்கும். ஒரு முனை சுதந்திரமாக இருந்தால் யாருக்கும் தொந்தரவில்லாமல் சுருங்கிக்கொள்ளும். பாலத்தின் கர்டருக்கு ஒரு முனையில் நிலையான தாங்கியும் மறு முனையில் நகரும் தாங்கியும் வைப்பது இதே காரணத்துக்காகத்தான்.

அதன்பின் 1993 வாக்கில் எபாக்ஸி வகை ரெசின்கள் வந்தன. இவற்றின் மூலக்கூறில் மூடிய வளையம் ஒன்று இருக்கிறது. சங்கிலியில் சேரும்போது அந்த வளையம் திறந்து நீள்வதால், நெருங்குவதில் இழந்த இடத்தின் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கிறது. சுருக்கம் ஓரிரு சதவீதத்துக்கு இறங்கியது. மருந்தே மாறிவிட்டதால் பத்தியத்தின் கடுமையும் குறைந்தது.

இன்று வீட்டு மேசையில் வைக்கும் சிறிய ரெசின் இயந்திரங்கள் வேறு மாதிரி. தொட்டியின் அடியில் ஒளி ஊடுருவும் மெல்லிய தாள், அதற்குக் கீழே திரை, விளக்கு. பொருள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே வளரும். முழு ஏடும் ஒரே நேரத்தில் ஒளி பெறுகிறது. கோட்டின் வரிசையை மாற்றும் வித்தைக்கு இங்கே இடமில்லை. தவிர, ஒவ்வொரு ஏடும் உறைந்ததும் அதை அடித்தாளிலிருந்து உரித்து எடுக்க வேண்டும். அந்த இழுப்பும் பொருளின் மேல்தான் விழுகிறது. இந்த இயந்திரங்களில் வரும் ரெசின் பெரும்பாலும் மறுபடி அக்ரிலேட் வகை.

ஆகவே வீட்டில் செய்யக்கூடியவை வேறு. முக்கியமானது பொருளைப் படுக்க வைக்காமல் சாய்த்து வைப்பது. பெரிய தட்டையான பொருளை 30 முதல் 45 பாகை வரை சாய்த்தால் ஒவ்வொரு ஏட்டின் பரப்பும் குறைகிறது, உரிக்கும் இழுப்பும் சுருங்கும் இழுப்பும் சேர்ந்தே குறைகின்றன. நேரம் கூடுமே என்று பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். கூடட்டும். தாங்குகால்களை ஓரங்களிலும் மூலைகளிலும் தாராளமாக வைக்க வேண்டும், கோணல் அங்கேதான் தொடங்குகிறது. ஓரிடத்தில் கனமாகவும் பக்கத்தில் மெல்லியதாகவும் இருக்கும் வடிவங்களைத் தவிர்ப்பது நல்லது. ஒளி நேரத்தைத் தேவைக்கு மேல் ஏற்றுவதால் உறுதி கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். அளவு தவறுவதும் இழுப்பு கூடுவதும்தான் கண்ட பலன்.

இங்கே வடக்கில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் ரெசின் விளக்கெண்ணெய்போல் கெட்டியாகிவிடும். ஏட்டுக்கு ஏடு சரியாகப் பரவாது. அறையும் ரெசினும் 20 முதல் 25 டிகிரிக்குள் இருக்கட்டும். ரெசினை அடுப்பில் காட்டவே கூடாது.

அச்சு முடிந்த பிறகுதான் பாதிக் கோணல் வருகிறது. பொருளை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கழுவுவார்கள். சில நிமிடங்கள் போதும். ஊறப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் அது ஆல்கஹாலைக் குடித்து ஊதும், காயும்போது முறுக்கிக்கொள்ளும். கழுவியதும் நன்றாக உலர விட்டு, தாங்குகால்களோடே விளக்குப் பெட்டியில் வைத்து, பக்கம் மாற்றி மாற்றி ஒளி காட்ட வேண்டும். அப்பளத்துக்குச் சொன்ன அதே முறை. கால்களை முன்பே வெட்டிவிட்டால் மெல்லிய பொருளுக்குப் பிடிமானம் இல்லாமல் போகும். அந்த ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும், பூஜை அறை விளக்கும் சமையலறையும் பக்கத்தில் இருக்கக்கூடாது. உறையாத ரெசின் தோலில் பட்டால் சிலருக்கு ஒவ்வாமை வந்து, பிறகு சிறிது பட்டாலும் அரிக்கும். கையுறை இல்லாமல் பிள்ளைகளைத் தொட விடாதீர்கள். கழுவிய திரவத்தைச் சாக்கடையில் ஊற்றாமல், கண்ணாடிப் பாத்திரத்தில் எட்டாத இடத்தில் வெயில் காட்டினால் ரெசின் உறைந்து அடியில் தங்கும்.

கோணல் குறைந்ததா என்று பார்க்க விலை உயர்ந்த கருவி தேவையில்லை. 100 மி.மீ. நீளம், 20 மி.மீ. அகலம், 3 மி.மீ. கனத்தில் இரண்டு பட்டைகள் அச்சிடுங்கள், ஒன்றைப் படுக்க வைத்தும் ஒன்றைச் சாய்த்தும். முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைச் சமதளத்தில் கிடத்தி, அதன்மேல் பட்டையை வைத்து, நடுவில் விரலால் அழுத்திக்கொண்டு முனைகளின் அடியில் சாதாரண நகலெடுக்கும் தாளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகிப் பாருங்கள். ஒரு தாளின் கனம் சுமார் 0.1 மி.மீ. எத்தனை தாள் நுழைகிறது என்று எண்ணிப் பட்டையின் மேலேயே எழுதி வையுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி எண்ணுங்கள். உள்ளே தேங்கிய இழுப்பு மெல்ல மெல்ல வெளிவருவதால் இரண்டாவது எண்ணிக்கை வேறாக இருக்கலாம்.