நடைபாதை காக்கும் தொண்டர்கள்

இங்கிலாந்திலும் வேல்சிலும் வயல்வெளிகளினூடே செல்லும் பொதுவழிகள் ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டர் நீளமுடையவை. நிலம் பெரும்பாலும் தனியாருடையது. நடக்கும் உரிமையோ பொதுமக்களுடையது. 1949-ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வழிகளை வரைபடத்தில் பதிய வகைசெய்தது. ஆயினும் பாதையில் முட்செடி மண்டினால் உரிமை ஏட்டளவில் நின்றுவிடும். பராமரிப்புக் கடமை உள்ளாட்சி மன்றங்களுடையது. அவற்றிடம் ஆளும் பொருளும் போதாமையால், 1935-இல் தோன்றிய நடைப்பயணிகள் சங்கம் போன்றவற்றின் தொண்டர்கள் அரிவாளும் மண்வெட்டியும் ஏந்திச் செல்கின்றனர்.

இவர்களது முதற்பகை நீரேயாகும். மழைநீர் ஓடினால் பாதை சேறாகும். சேறு கண்டவர் ஒதுங்கி நடப்பர். ஒதுங்கிய இடமும் சேறாகும். 1965-இல் திறக்கப்பெற்ற பென்னைன் வழி, சதுப்பு நிலங்களில் இவ்வாறே அகன்று புண்பட்டது. பின்னர், மூடப்பட்ட பஞ்சாலைகளின் தரைக்கற்களைக் கொணர்ந்து அங்கே பாவினர். மலைமீது தெருவா என முணுமுணுத்தோரும் உண்டு. ஆனால் கல்லின் இருபுறமும் செடிகொடிகள் மீண்டும் தழைத்ததைக் காண, அம்முணுமுணுப்பு பொருந்துவதாகத் தோன்றவில்லை.

சரிவுகளில் தொண்டர்கள் பாதைக்குக் குறுக்கே சாய்வாகக் கல்லையோ மரத்தையோ பதித்து நீரை ஓரமாகத் திருப்புவர். சாய்வு குறைந்தால் வண்டல் தேங்கி அடைபடும். இலையுதிர்காலச் சருகைக் குளிர்கால மழைக்கு முன் அள்ளாவிடில், நீர் பழையபடி பாதையிலேயே இறங்கும்.