ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு ஸ்லைடர் தேவையா? முடிவெடுக்கும் முறை

முழு ஃபேரிங் உள்ள ஸ்போர்ட்ஸ் பைக் நின்ற இடத்தில் சாய்ந்தாலே செலவு வைத்துவிடும். சாதாரண வண்டிகளில் இரும்பு லெக் கார்டு முதலில் தரையைத் தொட்டு அடியை வாங்கிக்கொள்ளும். யமஹா ஆர்15, கவாசாகி நிஞ்ஜா 300, ஓசூரில் தயாராகும் டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.ஆர். 310 போன்றவற்றில் ஹேண்டில்பார் முனை, ஃபுட்ரெஸ்ட், ஃபேரிங்கின் புடைத்த பகுதி ஆகியவைதான் அடி வாங்கும். ஃபேரிங்குக்குப் பின்னால் பெரும்பாலும் வலப்பக்கம் கிளட்ச் கவரும் இடப்பக்கம் மேக்னெட் கவரும் இருக்கின்றன. இரண்டும் மெல்லிய அலுமினிய வார்ப்புகள்.

இவற்றைக் காக்கக் கடைகளில் கிடைப்பவை பல. ஃபிரேம் ஸ்லைடர் என்பது இன்ஜின் மவுண்ட் போல்ட் இருக்கும் இடத்திலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கெட்டிப் பிளாஸ்டிக் உருளை. இன்ஜின் கேஸ் கவர் என்பது கிளட்ச் கவர், மேக்னெட் கவர் ஆகியவற்றின் மேல் போர்த்தும் இரண்டாவது ஓடு. ஹேண்டில்பார் முனையிலும் சக்கர அச்சின் முனையிலும் மாட்டும் சிறு குமிழ்கள் உண்டு. வளைத்த இரும்புக் குழாயால் ஆன கிராஷ் கார்டும் உண்டு.

எதை வாங்குவதற்கு முன்பும் ஒரு நம்பிக்கையை ஒதுக்கி வைக்க வேண்டும். இவை வண்டியைக் காப்பவை. ஓட்டுபவரைக் காப்பவை அல்ல. அமெரிக்காவின் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹர்ட் தலைமையிலான குழு லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981-இல் அறிக்கை வெளியிட்டது. கிராஷ் பார் பொருத்திய வண்டிகளில் கணுக்கால், பாதக் காயங்கள் குறைந்தன. ஆனால் முழங்காலிலும் தொடையிலும் காயங்கள் கூடி அந்த லாபத்தை ஈடுகட்டிவிட்டன என்கிறது அது. ஆகவே நல்ல ஹெல்மெட், கையுறை, கணுக்கால் மூடும் பூட்ஸ், ஜாக்கெட் ஆகியவை இல்லாதவருக்கு ஸ்லைடர் பற்றிய யோசனையே சீக்கிரம். அந்தப் பணம் முதலில் அங்கே போக வேண்டும்.

அடுத்ததாக, வண்டி எப்படி விழக்கூடும் என்று பார்க்க வேண்டும். முடிவில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும். தினமும் ஊருக்குள் ஓட்டுபவரின் வண்டி பெரும்பாலும் நின்றபடிதான் விழுகிறது. சைடு ஸ்டாண்டு மணலிலோ வெயிலில் இளகிய தாரிலோ புதைகிறது. ஹேண்டிலைத் திருப்பிய நிலையில் முன் பிரேக்கைப் பிடித்ததும் வண்டி கையை மீறிச் சாய்கிறது. சரிவில் பின்னால் தள்ளும்போது கால் எட்டாமல் போகிறது. இத்தகைய விழுகைகளில் குட்டையான ஸ்லைடரும் பார் எண்டு குமிழும் தம் விலைக்கு மேல் உழைக்கும். ஸ்டாண்டுக்கு அடியில் வைக்கும் ஒரு தகடு அவற்றைவிட மலிவு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வேகத்தில் விழுவது வேறு கதை. வளைவில் டயர் பிடியிழந்து வண்டி சாய்ந்தபடியே வழுக்கிப்போவது லோ சைடு. வழவழப்பான தார்ச்சாலையில் ஸ்லைடர் தன்னைத் தேய்த்துக்கொண்டு ஃபேரிங்கையும் ஃபிரேமையும் தரையிலிருந்து சற்றுத் தூக்கிப் பிடிக்கும். அதே ஸ்லைடர் சாலையோர மண்ணிலோ நடைபாதைக் கல் விளிம்பிலோ மாட்டிக்கொண்டால், வழுக்கிக்கொண்டிருந்த வண்டி அதையே அச்சாகக் கொண்டு புரளும். புரண்ட வண்டியில் மிஞ்சுவது குறைவு. பின்சக்கரம் வழுக்கி, சட்டென்று பிடி கிடைத்து, வண்டி ஆளைத் தூக்கி எறிந்துவிட்டுக் குட்டிக்கரணம் போடும் ஹை சைடிலும், காரில் நேராக மோதுவதிலும் ஸ்லைடரால் பயன் சொற்பம்.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது ஸ்லைடர் எதன் மீது உட்காருகிறது என்பது. விற்பவர் இதைப் பேசமாட்டார், வாங்குபவரும் கேட்பதில்லை. விழும்போது ஸ்லைடர் வாங்கும் அடி மறைந்துவிடுவதில்லை. போல்ட் வழியாக அது மாட்டிய இடத்துக்கே போகிறது. ஸ்லைடர் ஒரு நெம்புகோல் என்பதால் நீளம்தான் இங்கே எல்லாம்: 40 மி.மீ. நீட்டியிருப்பதைவிட 80 மி.மீ. நீட்டியிருப்பது, அதே அடிக்கு இரண்டு மடங்கு வளைக்கும் விசையை மவுண்டுக்குத் தரும். போல்ட் வளைந்தால் நஷ்டம் சிறிது. போல்ட் வளையாமல், அது திருகியிருக்கும் இன்ஜின் வார்ப்பின் காது உடைந்தாலோ அலுமினிய ஃபிரேமில் விரிசல் விழுந்தாலோ, சில கீறல்களோடு போயிருக்க வேண்டிய செலவு இன்ஜின் கேஸ் அல்லது ஃபிரேம் மாற்றும் செலவாகிவிடும். ஃபிரேமை மாற்றினால் சேஸிஸ் எண்ணும் மாறும், அதற்காக ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் நடக்க வேண்டும்.

ஆகவே ஃபேரிங்கை வெட்டாமல் மாட்டலாம் என்று விற்கப்படும் ஸ்லைடர்களைச் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது. இவற்றில் பலவற்றில் மவுண்டிலிருந்து ஒரு தகடு ஃபேரிங்கைச் சுற்றி வெளியே வந்து, அதன் நுனியில் ஸ்லைடர் தொங்கும். சின்ன அடிக்கே தகடு முறுக்கிக்கொண்டு ஃபேரிங்கைக் குத்தும். ஃபேரிங்கில் துளை போட்டு நேராக மவுண்டில் இறங்கும் வகை கண்ணுக்கு உறுத்தலாம். வேலைக்கு அதுதான் நம்பகமானது. விதிவிலக்கு, கடும் அடியில் வேண்டுமென்றே வளைந்துகொடுத்து ஃபிரேமைக் காக்கும்படி திட்டமிட்டுச் செய்த தகடுகள். அப்படிச் செய்திருந்தால் தயாரிப்பாளரே அதைக் குறிப்பிட்டிருப்பார்.

நான்காவதாக, நீளத்தை வீட்டிலேயே சோதிக்கலாம். ஃபுட்ரெஸ்ட்டை மடக்கிவிட்டு, நேரான நீளப் பலகை ஒன்றை ஹேண்டில்பார் முனையிலிருந்து வண்டியின் கீழ்ப்பகுதி வரை பக்கவாட்டில் சார்த்த வேண்டும். பலகையில் படும் இடங்கள்தான் தரையிலும் படும். ஃபேரிங்குக்கும் பலகைக்கும் இடையே எவ்வளவு வெளி தேவையோ அதற்குச் சற்று மேல் நீளம் போதும். இன்னும் நீண்டால் பாதுகாப்பு கூடாது, நெம்புகோல்தான் நீளும்.

பொருளைப் பொறுத்தவரை அசிட்டால், நைலான் போன்ற கெட்டிப் பிளாஸ்டிக்குகளே சரி. அவை தேய்ந்து கொடுக்கும், வழுக்கும். முழு அலுமினியத்தில் கடைந்து பளபளவென்று வரும் ஸ்லைடர்கள் அலங்காரத்துக்கு ஆனவை. சென்னை ஜி.பி. ரோடு போன்ற கடைத்தெருக்களில் வாங்கும்போது, உருளையை நகத்தால் கீறிப் பார்ப்பதைவிட போல்ட் தலை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பார்ப்பது பயனுள்ளது. தலை ஆழமாகப் புதைந்திருந்தால்தான் பிளாஸ்டிக் கணிசமாகத் தேய்ந்த பிறகும் இரும்பு தரையைத் தொடாது.

ஐந்தாவது, இன்ஷூரன்ஸ் கணக்கு. சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிக்கப்படும். ஃபேரிங் வண்டிக்கு இது பெரிய அடி. ஜீரோ டெப்ரிசியேஷன் சேர்த்திருந்தால் அந்தக் கழிவு இல்லை. ஆனால் கிளெய்ம் வாங்கினால் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். முதல் ஆண்டு முடிவில் 20 சதவீதமாகத் தொடங்கி 50 சதவீதம் வரை உயரும் அந்தத் தள்ளுபடியைச் சின்னக் கீறலுக்காக இழப்பது புத்திசாலித்தனம் ஆகாது. கிளெய்ம் போட மனம் வராத சின்னச் செலவுகளைத் தடுப்பதுதான் ஸ்லைடரின் உண்மையான வேலை. தனியாக மாட்டிய பொருட்களை பாலிசியில் குறிப்பிட்டால்தான் அவற்றுக்கும் இழப்பீடு கிடைக்கும். பந்தயத்திலும் வேகச் சோதனையிலும் நேர்ந்த சேதத்தை பாலிசி ஏற்காது.

அதனால் இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலோ கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ வண்டியை இறக்குபவரின் கணக்கு வேறு. அங்கே முதலில் வாங்க வேண்டியது இன்ஜின் கேஸ் கவர். தாரில் நெடுந்தூரம் உரசும் அலுமினிய கவர் ஓட்டையாகி ஆயில் கொட்டினால், தன் பின்டயரும் அடுத்து வருபவரின் டயரும் வழுக்கும். உலக சூப்பர்பைக் போட்டி விதிகள், ஆயில் இருக்கும் பக்கவாட்டு கவர்களுக்கு மேல் இரண்டாவது கவரைக் கட்டாயமாக்கியிருப்பது இதனால்தான். இந்த கவர் வெளியே நீட்டுவதில்லை, நெம்புகோல் ஆகாது, ஃபிரேமுக்கு ஆபத்தும் இல்லை. இந்தப் பொருட்களில் குறை மிகக் குறைவானது இதுதான். தெருவில் ஓட்டுபவருக்கும் இது பொருந்தும்.

பொருத்த முடிவு செய்தால், வேலையைப் பக்கம் பக்கமாகச் செய்ய வேண்டும். இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கால் தாங்கிக்கொண்டு, ஒரு பக்க மவுண்ட் போல்ட்டை மட்டும் கழற்ற வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால் இன்ஜின் இறங்கி, துளைகள் நேர் விலகும். புதிய போல்ட் பழையதைவிட, நடுவில் வரும் ஸ்பேசரின் கனம் அளவுக்கு நீளமாக இருக்க வேண்டும். அலுமினிய மரையில் போல்ட்டின் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்காவது உள்ளே இறங்குவது நல்லது, 10 மி.மீ. போல்ட்டுக்கு 15 மி.மீ. முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகி, பிறகு டார்க் ரெஞ்ச் கொண்டு, சர்வீஸ் மேனுவலில் அந்த மாடலுக்குத் தந்த அளவுக்கு இறுக்க வேண்டும். ஃபேரிங் துளையின் விளிம்பு ஸ்லைடரைத் தொடக்கூடாது. தொட்டால் அதிர்வில் பிளாஸ்டிக் வெடிக்கும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் இறுக்கத்தை மறுபடி பார்க்க வேண்டும்.

ஊருக்குள் ஓட்டும் சிறிய வண்டிக்கு, மவுண்டில் நேராக இறங்கும் குட்டை ஸ்லைடர் கிடைத்தால் மாட்டலாம். அலுமினிய ஃபிரேம் உள்ள பெரிய வண்டியில், வளைந்துகொடுக்கும் தகடு இல்லாத ஸ்லைடரை ஃபிரேமின் மரையிலேயே நேரடியாக மாட்டுவதைவிட கேஸ் கவரோடு நிறுத்திக்கொள்வது மேல். எந்த வண்டியானாலும், ஒருமுறை ஓடும்போது விழுந்து ஸ்லைடர் அடி வாங்கியிருந்தால், நேராகத் தெரிந்தாலும் போல்ட்டை மாற்றிவிட்டு, மவுண்டைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகே வண்டியை எடுக்க வேண்டும்.