கூரையைப் பார்த்தால் மட்டும் போதுமா?

2016 ஆகஸ்டில் திருவனந்தபுரத்துக்காரர்கள் பலருக்கு வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. மும்பையில் உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டிருக்கிறது என்றது செய்தி. ஆள் இங்கே இருக்கிறார், அட்டையும் சட்டைப்பையில் இருக்கிறது. போலீஸ் துருவிப் பார்த்ததில், வெள்ளையம்பலம் ஆல்தறை சந்திப்பில் ஓர் ஏடிஎம் அறையின் கூரையில், புகை வந்தால் எச்சரிக்கும் கருவி போலவே ஒரு பெட்டி மாட்டப்பட்டிருந்தது தெரியவந்தது. உள்ளே கேமரா. அட்டையின் காந்தப்பட்டையை ஒரு கருவி நகலெடுக்க, பின் நம்பரைக் கேமரா பார்த்துக்கொண்டது. மாட்டியவர்கள் ரொமேனியாவிலிருந்து வந்தவர்கள். ஒருவர் சில நாட்களில் மும்பையில் பிடிபட்டார். காந்தப்பட்டை அட்டைகளை 2018 டிசம்பருக்குள் சிப் அட்டைகளாக மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருந்த கெடுவின் அருமை அப்போதுதான் ஊருக்குப் புரிந்தது.

இதில் ஒரு வேடிக்கை. கணினிக் குற்றத் தடயங்களை ஆராய்வதில் நாட்டுக்கே கருவி செய்து கொடுத்த சி-டாக் நிறுவனம் இருப்பதும் அதே வெள்ளையம்பலத்தில்தான். அத்தனை அறிவு பக்கத்தில் இருந்தும், அந்தச் சின்ன அறைக்குள் போய்வந்தவர்களில் ஒருவராவது நிமிர்ந்து, "இந்தப் பெட்டி முந்தாநாள் இல்லையே?" என்று கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

நாகர்கோவில் பக்கமிருந்து காலை ரயிலில் வரும் ஒரு பெண்ணிடம் இதைச் சொன்னேன். குழித்துறையில் ஏறி, கழக்கூட்டத்தில் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் வேலை பார்ப்பவர். ஆங்கில இலக்கியம் படித்தவர். "அண்ணே, கம்ப்யூட்டர் படிக்காதவங்க சைபர் செக்யூரிட்டிக்கு வர முடியுமா? முடியாதுன்னு பாதிப்பேர் சொல்றாங்க. மீதிப்பேர் ஒண்ணுமே தெரிய வேண்டாம், வான்னு கூப்பிடுறாங்க" என்று கேட்டிருந்தார். இரண்டு தரப்பும் தவறு என்பதுதான் என் பதில். நானே பி.காம். படித்து, கணக்குத் தணிக்கையிலிருந்து தகவல் பாதுகாப்புத் தணிக்கைக்கு வந்தவன். ரயிலில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

"பி.டெக். இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள்"

சில நிறுவனங்களில் விடமாட்டார்கள்தான். விண்ணப்பத்தைப் பார்க்கும் முதல் சல்லடையிலேயே பொறியியல் பட்டம் கேட்கும் இடங்கள் உண்டு. அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் துறையின் கதை வேறு. அமெரிக்காவில் எலிசபெத் ஃப்ரீட்மன் என்று ஒரு பெண்மணி. ஆங்கில இலக்கியம் படித்தவர். ஷேக்ஸ்பியர் நாடகங்களுக்குள் ரகசியக் குறியீடு ஒளிந்திருக்கிறதா என்று தேடும் ஒரு பணக்காரரின் விசித்திர வேலைக்கு 1916-ல் சேர்ந்தார். ஷேக்ஸ்பியரில் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் குறியீடு உடைக்கும் கலை கைவந்தது. பிற்பாடு மதுவிலக்குக் காலத்தில் சாராயக் கடத்தல்காரர்களின் ரகசியச் செய்திகளை அமெரிக்கக் கடலோரக் காவல் படைக்காக உடைத்தவர் அவர்தான். இதைச் சொன்னதும் நம் பெண்ணுக்கு முகம் மலர்ந்தது. உடனே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது: அவர் இலக்கியத்தோடு நின்றுவிடவில்லை, உட்கார்ந்து குறியீட்டியலைப் படித்தார்.

"சைபர் செக்யூரிட்டி என்றால் ஹேக்கிங்"

கறுப்புத் தலைமூடி, பச்சை எழுத்து ஓடும் திரை. சினிமா கொடுத்த படம் இது. பயிற்சி நிலைய விளம்பரங்களிலும் இதுவே.

நிறுவனங்கள் தகவல் பாதுகாப்புக்குப் பின்பற்றும் உலகத் தரம் ஒன்று இருக்கிறது, ஐஎஸ்ஓ 27001. அதன் 2022 பதிப்பில் மொத்தம் 93 கட்டுப்பாடுகள். அவற்றில் தொழில்நுட்பம் சார்ந்தவை 34. மீதி 59-ல் 37 நிர்வாகம் சார்ந்தவை, 8 ஊழியர்கள் சார்ந்தவை, 14 கட்டடம், பூட்டு, கதவு சார்ந்தவை. வேலையை விட்டுப் போனவரின் அடையாள அட்டையும் கடவுச்சொல்லும் அன்றைக்கே முடக்கப்பட்டனவா? சர்வர் அறைச் சாவி யாரிடம்? சம்பளப் பட்டியலை வெளியூர் ஒப்பந்த நிறுவனத்துக்கு அனுப்புகிறார்களே, அந்த ஒப்பந்தத்தில் தகவல் கசிந்தால் யார் பொறுப்பு என்று எழுதியிருக்கிறதா? இவற்றைக் கேட்டு, ஆதாரம் வாங்கி, கோப்பில் சேர்ப்பவர் செய்வதும் சைபர் பாதுகாப்பு வேலைதான். இந்தப் பிரிவை ஜிஆர்சி என்பார்கள். ஆளுகை, அபாயம், விதி ஒழுங்கு மூன்றும் சேர்ந்தது.

விதிகளும் கூடிக்கொண்டே போகின்றன. பாதுகாப்புச் சம்பவம் ஒன்று தெரியவந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தன்னிடம் சொல்ல வேண்டும் என்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவு போட்டது. 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இரவு பதினொரு மணிக்குச் சம்பவம் நடந்தால், விடிவதற்குள் என்ன நடந்தது என்று பிசிறில்லாமல் எழுதித் தர ஆள் வேண்டும். எழுதத் தெரியாத கெட்டிக்காரப் பொறியாளர்கள் அந்த நேரத்தில் திணறுவதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

கேரளத்தில் இன்னொரு தேவையும் உண்டு. மருத்துவமனை நர்ஸுக்கும் கணக்குப் பிரிவு அம்மாவுக்கும் மோசடி மெயில் என்றால் என்ன என்று மலையாளத்தில், தேவைப்பட்டால் தமிழில், அதட்டாமல் சொல்லித்தர வேண்டும். "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று வீடியோவில் போலீஸ் உடையில் வந்து மிரட்டிப் பணம் பறிக்கிறார்களே, அதில் உடைக்கப்படுவது கணினி இல்லை, மனுஷனின் மனது. அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் கிடையாது. உளவியல் படித்தவருக்கும் ஆசிரியராக இருந்தவருக்கும் இங்கே இடம் இருக்கிறது.

"டெக்னிக்கல் எதுவும் வேண்டாம், ஆறு மாதம் போதும்"

மேலே சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு இந்தப் பக்கம் சாய்ந்துவிடக் கூடாது. முதல் நம்பிக்கை ஆளை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது. இது பணத்தை வாங்கிக்கொண்டு நடுவழியில் விடுகிறது. எனக்குத் தெரிந்த ஒரு பையன் இந்த ஊரில் ஒரு பயிற்சி நிலையத்தில் வீட்டு நகையை வைத்துப் பணம் கட்டினான். நூறு சதவீதம் வேலை என்றார்கள். ஆறு மாதம் கழித்து அவன் கையில் இருந்தது ஒரு சான்றிதழ். அதிலும் கறுப்புத் தலைமூடி போட்ட ஆள் படம். ஐபி முகவரி என்றால் என்ன என்று நேர்காணலில் கேட்டபோது அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

தொடக்கநிலை வேலைகளில் அதிகம் காதில் விழும் பெயர் எஸ்ஓசி, அதாவது கண்காணிப்பு மையம். இருபத்துநாலு மணி நேரமும் மூன்று ஷிப்டாக ஓடும். டெக்னோபார்க்கில் இரவு ஷிப்ட் முடித்து, விடிகாலையில் கழக்கூட்டம் தட்டுக்கடையில் கட்டஞ்சாயா குடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகளில் சிலர் அங்கிருந்து வருபவர்கள்தான். அவர்கள் திரையில் என்ன பார்க்கிறார்கள்?

ஒரு எடுத்துக்காட்டு. நள்ளிரவு 2.11 முதல் 2.19 வரை கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவரின் பெயரில் 4625 என்ற எண் நாற்பது தடவை பதிவாகிறது. பிறகு ஒரே ஒரு தடவை 4624. விண்டோஸ் கணினியின் பதிவேட்டில் 4625 என்றால் உள்நுழைவு தோற்றது, 4624 என்றால் வெற்றி. நாற்பது தடவை தட்டிய பிறகு கதவு திறந்திருக்கிறது.

திருடனா? இருக்கலாம். அன்று மாலை அவர் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, கைப்பேசியில் மாற்ற மறந்திருக்கலாம். கைப்பேசி பழையதையே முட்டிக்கொண்டிருந்து, அவர் திருத்தியதும் உள்ளே போயிருக்கும். எந்த முகவரியிலிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். இங்கே ஒரே பெயரில் நாற்பது முறை; நாற்பது பெயர்களில் ஒவ்வொரு முறையாக இருந்தால் கதை வேறு. அது ஒரே கடவுச்சொல்லை எல்லார் மீதும் தெளித்துப் பார்க்கும் உத்தி. பிறகு விடுப்புப் பதிவேடு. அந்த ஊழியர் மூன்று நாள் விடுப்பில் குருவாயூர் போயிருக்கிறார் என்றால், 2.19-க்கு அவர் பெயரில் உள்ளே வந்தது யார்?

விடுப்புப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்ற யோசனை ஆபீசில் வேலை பார்த்தவர் யாருக்கும் வரும். ஆனால் 4625 தெரியாதவருக்கு அந்தக் கேள்வியே எழாது. அதனால்தான் சொல்கிறேன், பட்டம் வேண்டாம், படிப்பு வேண்டும். நெட்வொர்க் எப்படி ஓடுகிறது, டிஎன்எஸ் என்ன செய்கிறது, லினக்ஸில் நாலு கட்டளை, விண்டோஸில் யாருக்கு என்ன அனுமதி, பதிவேட்டை எப்படி வாசிப்பது. ஜிஆர்சி பக்கம் போகிறவருக்கும் இது வேண்டும். இல்லாவிட்டால் பொறியாளர் சொல்வதையெல்லாம் தலையாட்டி எழுதிக்கொள்ளும் தணிக்கையாளராகிவிடுவார். மாலையில் இரண்டு மணி நேரம் வீதம் ஒரு வருடம் உட்கார்ந்தால் வரும். ட்ரைஹேக்மீ தளத்தில் இலவசப் பாடங்கள் இருக்கின்றன. ஓவர்தவயர் தளத்தில் பேண்டிட் என்ற விளையாட்டு லினக்ஸைச் சொல்லித்தரும், காசு இல்லை. கூடம் தேவைப்பட்டால் டெக்னோபார்க்கில் ஐசிடி அகாடமி ஆஃப் கேரளா இருக்கிறது. அரசு ஆதரவில் நடப்பது.

"முதலில் சிஐஎஸ்எஸ்பி வாங்கிவிடு"

தகவல் பாதுகாப்புச் சான்றுகளில் இதன் பேர் பெரிதாக இருப்பதால் எல்லாரும் சொல்வது. முழுச் சான்று வேண்டுமானால் துறையில் ஐந்து வருட அனுபவம் காட்ட வேண்டும். கணினி சார்ந்த பட்டம் இருந்தால் ஒரு வருடம் கழியும். புதிதாக வருபவருக்கு, சிஐஎஸ்எஸ்பி தரும் அமைப்பே சிசி என்று ஒரு தொடக்கத் தேர்வு வைத்திருக்கிறது, காம்ப்டியாவின் செக்யூரிட்டி பிளஸ் இருக்கிறது. இவை போதும். இவையும் நேர்காணல் வரை கொண்டுபோய் விடும், அவ்வளவுதான்.

"இத்தனை வருடம் வேறு வேலை பார்த்தது வீண்"

1986-ல் கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கிளிஃபோர்ட் ஸ்டோல் என்ற வானியலாளரிடம் ஒரு சில்லறை வேலை கொடுத்தார்கள். கணினி பயன்படுத்தியதற்கான கணக்கில் 75 சென்ட் உதைத்தது. அவர் விடவில்லை. காசு கட்டாமல் உள்ளே வந்துபோனவர் யார் என்று மாதக்கணக்கில் பின்தொடர்ந்தார். கடைசியில் அது அமெரிக்க ராணுவக் கணினிகளைத் துழாவி, சோவியத் உளவுத்துறைக்குத் தகவல் விற்ற மேற்கு ஜெர்மனிக்காரரிடம் போய் முடிந்தது.

சாலைக் கடைத்தெருவில் பழைய மளிகைக் கடைகளில் பேரேடு எழுதியவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. ராத்திரி கல்லாவில் எட்டணா உதைத்தால் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் புத்தி உள்ளவரைச் சொல்லித்தந்து உருவாக்குவது கஷ்டம். 4625 என்றால் என்னவென்று பத்து நிமிஷத்தில் சொல்லித்தந்துவிடலாம். வங்கியில் இருந்தவருக்குப் பணம் எந்த வழியில் போகும் என்று தெரியும், நர்ஸுக்கு ஷிப்ட் மாறும்போது எதைச் சொல்லாமல் விட்டால் ஆபத்து என்று தெரியும். விண்ணப்பத்தில் இதை மறைக்காமல் மேலே எழுதுங்கள்.

"பழகுவதற்குத்தானே, யார் தளத்திலும் முயற்சி பண்ணலாம்"

கூடாது. அனுமதி இல்லாமல், நேர்மையற்ற நோக்கத்தோடு அடுத்தவர் கணினிக்குள் நுழைந்ததாக முடிவானால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஆம் பிரிவின்கீழ் மூன்று வருடம் வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொல்லத்தான் போனேன்" என்று ஸ்டேஷனில் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். சொந்த மடிக்கணினியில் மெய்நிகர் எந்திரம் நிறுவி அதை உடையுங்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய முதல் பாடத்தை ரயிலிலேயே சொல்லித்தந்தேன். ஜிமெயிலுக்கு வந்த குப்பை மெயில் ஒன்றைக் கணினியில் திறந்து, மூன்று புள்ளியை அழுத்தி, "ஷோ ஒரிஜினல்" என்பதைச் சொடுக்கச் சொன்னேன். எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று வரி வரும்; ஒவ்வொன்றும் தேறியதா தோற்றதா என்று இருக்கும். சில மெயில்களில் அதற்கும் கீழே பதில் யாருக்குப் போகும் என்ற வரியும் இருக்கும். மறுநாள் நெய்யாற்றின்கரை தாண்டும்போது நம் பெண் கைப்பேசியை நீட்டினார். "அண்ணே, பேங்க் பேர்ல வந்திருக்கு, மூணும் ஃபெயில். பதில் போட்டா வேற எவனுக்கோ போகுது." நான் முதல் தடவை இதைப் பார்க்க எடுத்துக்கொண்டது ஒரு வாரம்.

ஒரே ஒரு எச்சரிக்கையோடு நிறுத்திக்கொள்கிறேன். ஐடி வேலை, தாய்லாந்து, கைநிறையச் சம்பளம், அனுபவம் வேண்டாம் என்று அழைப்பு வந்தால் ஏறிவிடாதீர்கள். அப்படி நம்பிப் போனவர்களை மியான்மரின் மியாவடிக்குக் கடத்தி, இணைய மோசடி செய்யவைத்தார்கள். 2022 அக்டோபரில் 13 தமிழர்கள் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். வெளிநாட்டு வேலை என்றால் தைக்காட்டில் கேரள அரசின் நோர்க்கா அலுவலகம் இருக்கிறது, போய்க் கேளுங்கள். பணம் போய்விட்டது என்றால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் அந்த நிமிஷமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள்.