ஒருவருக்கு ஓர் அட்டை: லண்டன் பயணச் செலவைக் குறைக்கும் வழி

லண்டன் பேருந்துகளில் 2014 ஜூலை 6ஆம் திகதி முதல் காசு பெறப்படுவதில்லை. அன்று தொடக்கம் பெரும்பாலானோர் முற்பணம் நிரப்பிய ஒய்ஸ்டர் அட்டை, கொண்டாக்ட்லெஸ் வங்கி அட்டை, அல்லது அவ்வங்கி அட்டை பதியப்பட்ட கைத்தொலைபேசி ஆகியவற்றுள் ஒன்றைக் கொண்டே கட்டணம் செலுத்துகின்றனர். காசு கொடுத்து மீதி வாங்கிய காலத்தில் செலவு கண்ணுக்குத் தெரிந்தது. இன்று ஒரு சிறு ஒலியுடன் எல்லாம் முடிந்துவிடுகிறது. அந்த ஒலியின் பின்னே எவ்வளவு கழிக்கப்படுகிறது, எப்போது எதுவுமே கழிக்கப்படுவதில்லை என்பதைத் தெரிந்துகொள்வோர் தமது வாரச் செலவைப் பாதியாகக்கூடக் குறைக்கலாம். இங்கு தரப்படும் கட்டணங்கள் 2025ஆம் ஆண்டில் நடைமுறையிலிருந்தவை.

பேருந்துக் கணக்கு

பேருந்தில் ஒரு பயணத்திற்கான முழுக் கட்டணம் 1 பவுண் 75 பென்ஸ். எந்நேரத்தில் ஏறினாலும், எவ்வளவு தூரம் சென்றாலும் இதுவே கட்டணம். முதற் பேருந்தில் அட்டையை வைத்த நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்திற்குள் வேறு எத்தனை பேருந்துகளில் ஏறினாலும் மேலதிகமாக எதுவும் கழிக்கப்படாது. இதற்கு ஹொப்பர் கட்டணம் என்று பெயர். கடைசிப் பேருந்தில் ஏறும் நேரமே கணக்கிற் கொள்ளப்படும். இறங்கும் நேரம் அன்று. இடையில் பாதாள ரயிலில் சென்றாலும் இச்சலுகை அற்றுப்போவதில்லை. ஆனால் இது அட்டைக்கு உரிய சலுகை, ஆளுக்கு உரியதன்று.

ஈஸ்ட் ஹாமில் வசிக்கும் துப்புரவுப் பணியாளர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் 238ஆம் இலக்கப் பேருந்தில் ஸ்ட்ராட்ஃபோர்ட் சென்று, அங்கிருந்து 25ஆம் இலக்கப் பேருந்தில் மைல் எண்டிற்குச் செல்கிறார். வீடு திரும்பும்போதும் இதே இரு பேருந்துகள். ஒரே அட்டையைப் பயன்படுத்தினால் போக 1.75, வர 1.75 என நாளொன்றுக்கு 3.50 பவுண் ஆகும். ஐந்து நாட்களுக்கு 17.50. அவரோ முதற் பேருந்தில் கைத்தொலைபேசியையும், இரண்டாவதில் பணப்பையிலுள்ள வங்கி அட்டையையும் வைக்கிறார். இரண்டும் ஒரே வங்கிக் கணக்கைச் சேர்ந்தவைதாம். ஆயினும் கணினி அவற்றை இரு வேறு பயணிகளாகவே கொள்கிறது. ஹொப்பர் சலுகை கிடைப்பதில்லை. நாளொன்றுக்கு 7 பவுண், வாரத்திற்கு 35 பவுண் கழிகிறது. ஆண்டில் 48 வாரங்கள் வேலை செய்பவர் இவ்வாறு இழப்பது 840 பவுண். தவறு எதுவும் நிகழவில்லை என்பதால் எவரும் அவருக்கு இதனை அறிவிக்கப்போவதுமில்லை.

பணப்பையை அப்படியே ரீடரில் வைக்கும் வழக்கமும் இத்தகைய இழப்பையே தரும். உள்ளே இரண்டு மூன்று அட்டைகள் இருந்தால் எது வாசிக்கப்படும் என்பது நம் கையில் இல்லை. பயணத்துக்குரிய அட்டையைத் தனியே எடுத்து வைப்பதே முறை.

அட்டை ஒன்றே என்றால் உச்சவரம்பும் தானாகப் பயன்தரும். பேருந்துகளில் மட்டும் செல்பவரிடம் ஒரு நாளில் 5.25 பவுணுக்கு மேலும், திங்கள் முதல் ஞாயிறு வரையிலான வாரத்தில் 24.70 பவுணுக்கு மேலும் கழிக்கப்படுவதில்லை. ஆகவே வாரப் பாஸை முன்கூட்டியே வாங்கவேண்டிய தேவை பலருக்கு இல்லை. மேற்கூறிய பணியாளர் 24.70 கொடுத்து அதனை வாங்கினால், 17.50 மட்டுமே செலவாகும் வாரத்தில் 7.20 பவுண் வீணாகும். இரவுப் பணி செய்வோர் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். உச்சவரம்பிற்கான நாள் நள்ளிரவில் மாறுவதன்று, அதிகாலை 4.30 மணிக்கே புதிய நாள் தொடங்குகிறது.

ரயிலில் இரு முறை

பேருந்தில் ஏறும்போது மட்டும் அட்டையை வைத்தால் போதும். ரயிலில் தொடக்கத்திலும் முடிவிலும் வைக்கவேண்டும். பாதாள ரயில் நிலையங்களில் பெரும்பாலும் கதவுகள் இருப்பதால் மறதிக்கு இடமில்லை. டி.எல்.ஆர். நிலையங்கள் பலவற்றில் கதவுகளே இல்லை. பெக்டன், ரோயல் அல்பேர்ட் போன்ற நிலையங்களில் இறங்கி நேரே வீதிக்கு வந்துவிடலாம். அவ்வாறு அட்டையை வைக்காமல் வெளியேறினால் பயணம் முடிவுறாததாகக் கருதப்பட்டு அதிகபட்சக் கட்டணம் அறவிடப்படும். அது பேருந்தின் முழுநாள் உச்சவரம்பையும் விஞ்சிய தொகை. மறந்துவிட்டதை அன்றே உணர்ந்தால் லண்டன் போக்குவரத்து நிறுவனத்தின் இணையதளத்தில் கணக்கொன்றைத் திறந்து, பயணத்தை எங்கே முடித்தீர்கள் என்பதைத் தெரிவித்து மீளப்பெறக் கோரலாம். அதிகத் தொகை கழிந்தது தமக்கு விதிக்கப்பட்ட தண்டம் என்று எண்ணி அஞ்சிப் பேசாதிருக்கவேண்டாம்.

ரயிற் கட்டணம் நேரத்திற்கேற்ப மாறும். திங்கள் முதல் வெள்ளி வரை காலை 6.30 முதல் 9.30 வரையும், மாலை 4 முதல் 7 வரையும் நெரிசல் நேரம். பயணத்தைத் தொடங்கிய நேரமே கணக்கு, 9.28க்கு நிலையத்தை அடைந்தவர் இரண்டு நிமிடம் பொறுத்தால் நன்று. வெளி வலயங்களிலிருந்து முதலாம் வலயத்திற்கு மாலையில் வேலைக்குச் செல்வோரிடம் அந்நேரத்திலும் நெரிசலற்ற கட்டணமே பெறப்படும். மாலைப் பணியாளர்கள் பலருக்கு இது தெரியாது. முதலாம் வலயத்தைத் தவிர்த்துச் செல்லும்போது ஸ்ட்ராட்ஃபோர்ட், ஹைபெரி அன்ட் இஸ்லிங்டன், வில்ஸ்டன் ஜங்ஷன் போன்ற மாறும் நிலையங்களிலுள்ள இளஞ்சிவப்பு ரீடரில் அட்டையை வைத்தால், குறைந்த கட்டணப் பாதையில் வந்தீர்கள் என்பது பதிவாகும்.

ஒய்ஸ்டரா, வங்கி அட்டையா?

முழுக் கட்டணம் செலுத்துவோருக்கு இரண்டும் ஒன்றே. வங்கிக் கணக்கு இன்னும் திறக்கப்படாத புதியவர்களுக்கு ஒய்ஸ்டரே வழி. அயலிலுள்ள ஒய்ஸ்டர் விற்கும் கடைகளில் காசு கொடுத்தே பணம் நிரப்பலாம். ஊரிலிருந்து வரும் உறவினர் தம் நாட்டு வங்கி அட்டையைப் பயன்படுத்தினால் வெளிநாட்டுப் பரிமாற்றக் கட்டணம் சேரக்கூடும். அவர்களுக்கும் ஒய்ஸ்டர் ஏற்றது. நிரப்பிய பணம் காலாவதியாவதில்லை. மீதி 1.75க்குக் குறைந்துவிட்டாலும், மீதியில் ஏதேனும் இருக்கும்வரை இன்னும் ஒரு பேருந்தில் ஏற முடியும். நள்ளிரவில் வேலை முடித்து வருவோர்க்கு இது பெரிய உதவி.

ரயில்கார்டு வைத்திருப்போர் வங்கி அட்டையை ஒதுக்கிவைப்பதே இலாபம். 16–25, 26–30, மாற்றுத்திறனாளிகள் ரயில்கார்டுகளைப் பாதாள ரயில் நிலைய ஊழியர் ஒய்ஸ்டருடன் இணைத்துத் தருவார். அதன்பின் நெரிசலற்ற நேர ரயிற் கட்டணத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறையும். 16–25 ரயில்கார்டின் விலை 2025 மார்ச் முதல் 35 பவுண். ஆண்டில் ஏறத்தாழ 105 பவுணுக்கு மேல் நெரிசலற்ற ரயிற் பயணம் செய்பவருக்கே அது ஆதாயம். பேருந்துக் கட்டணம் அதனால் குறையாது. 18+ மாணவர் ஒய்ஸ்டர் அட்டையைப் பெற்ற பிள்ளைகள் ஒவ்வொரு பயணத்திலும் சலுகை உண்டென நம்பிவிடுவது வழக்கம். வார, மாத, ஆண்டுப் பாஸ்களுக்கே அது 30 விழுக்காடு கழிவு தரும்.

கேட்டுப் பெறவேண்டியவை

இவை தாமாக வந்து சேர்வதில்லை. விண்ணப்பிக்காதவர் முழுக் கட்டணமே செலுத்துவார்.

ஐந்து முதல் பத்து வயதுப் பிள்ளைகள் ஸிப் அட்டையுடன் பேருந்திலும் பாதாள ரயிலிலும் இலவசமாகச் செல்லலாம். 11 முதல் 15 வரை பேருந்து இலவசம். ரயிலில் குறைந்த கட்டணம். லண்டனில் வசிக்கும் 16, 17 வயதினர்க்கும் ஸிப் அட்டையுடன் பேருந்து இலவசம். வேலை தேடிச் சில மாதங்களாக உதவித்தொகை பெறுவோர் அரைக் கட்டணத்துக்கான அட்டையை ஜொப்சென்டர் ஆலோசகரிடம் கேட்கவேண்டும்.

முதியோர் விடயத்தில்தான் இழப்பு அதிகம். இலவசப் பயணம் ஓய்வூதியத்தோடுதான் வரும் என்றெண்ணி அறுபது வயதைக் கடந்தும் கட்டணம் செலுத்தும் தாய் தந்தையர் நம்மிடையே பலர். லண்டனில் வசிப்பவர் 60 வயதை அடைந்ததும் 60+ ஒய்ஸ்டர் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பக் கட்டணம் உண்டு, பயணம் இலவசம். அரச ஓய்வூதிய வயதை எட்டியபின் அதற்குப் பதிலாக ஃப்ரீடம் பாஸ் பெறலாம். வார நாட்களில் இரண்டும் காலை 9 மணிக்குப் பின்னரே செல்லும்; வார இறுதியில் அத்தடை இல்லை. காலை 8.30க்கு மருத்துவமனைக்குச் செல்லவேண்டுமாயின் அன்று கட்டணம் செலுத்தவேண்டியிருக்கும். பார்வை, செவி, நடமாட்டக் குறைபாடுள்ளோர்க்கு வயது வரம்பின்றி மாற்றுத்திறனாளிகள் ஃப்ரீடம் பாஸ் உண்டு. அதனை வழங்குவது உங்கள் கவுன்சில். லண்டன் போக்குவரத்து நிறுவனத்தின் சேவைகளில் அதற்கு நேரத் தடை இல்லை.

விண்ணப்பங்கள் பெரும்பாலும் இணையவழியே. அடையாளச் சான்று, முகவரிச் சான்று, அண்மைக்கால நிழற்படம் ஆகியவற்றை ஆயத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கணினி இல்லாதோர் நூலகங்களிலுள்ள பொதுக் கணினிகளைப் பயன்படுத்தலாம். சாதாரண ஒய்ஸ்டர் அட்டையையும் அதே வேளையில் உங்கள் பெயரில் பதிந்துவிடுங்கள். பதியப்பட்ட அட்டை தொலைந்தால் அதனை நிறுத்தி, எஞ்சிய பணத்தைப் புதிய அட்டைக்கு மாற்றலாம். பதியாத அட்டையோடு அதிலுள்ள பணமும் போய்விடும்.