பாறைகள் காட்டும் பாதை
இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (புவியியல்)

மதுரைச் சமவெளியில் வழி தவறியவன் தலைநிமிர்ந்து பார்த்தால் போதும். வடகிழக்கே யானைமலை, வடக்கே அழகர்மலை, மேற்கே நாகமலை, தென்மேற்கே திருப்பரங்குன்றம். ஆனால் மலை நமக்குத் திசையைத்தான் சொல்லும், இடத்தைச் சொல்லாது. ஓரிடத்தைச் சரியாகச் சுட்டுவதற்கு அருகிலேயே சிறியதோர் அடையாளம் வேண்டும். நம் பக்கத்துப் பொட்டல்களில் அந்த அடையாளம் பெரும்பாலும் ஒரு பாறையே.

இதை ஒரு விளையாட்டாகவே வளர்த்தவர்கள் ஸ்காண்டிநேவிய நாட்டினர். 'ஓரியண்டீரிங்' எனப்படும் இவ்விளையாட்டின் முதல் பொதுப் போட்டி 1897-இல் நார்வேயில் நடந்தது. பன்னாட்டுச் சம்மேளனம் 1961-இல் அமைந்தது. வரைபடமும் திசைகாட்டியுமே துணை. காட்டில் வைத்திருக்கும் வெள்ளை, ஆரஞ்சு நிறக் கொடிகளை வரிசைப்படி கண்டுபிடித்து, குறைந்த நேரத்தில் ஓடி முடிப்பவரே வென்றவர்.

படத்தில் பாறை

நாம் வகுப்பில் பயிலும் நில அளவைத் துறை வரைபடம் 1:50,000 அளவை கொண்டது. அதில் 1 மி.மீ. என்பது தரையில் 50 மீட்டர். ஆளுயரப் பாறைக்கு அங்கே இடமேது? ஓரியண்டீரிங் படமோ 1:15,000 அல்லது 1:10,000. சுமார் 1 மீட்டருக்கு மேல் உயர்ந்து தனித்துத் தெரியும் பாறை அதில் ஒரு கரும்புள்ளி. 2 மீட்டருக்கு மேற்பட்டால் சற்றே பெரிய புள்ளி. பாறைக் கூட்டமாயின் கரிய முக்கோணம். சிறு புள்ளியின் விட்டம் 0.4 மி.மீ. 1:15,000 அளவையில் கணக்கிட்டால் அது தரையில் 6 மீட்டர்! ஆகவே புள்ளி பாறையின் பருமனைக் காட்டுவதன்று. 'இங்கே ஒரு பாறை உண்டு' என்று உரைப்பது மட்டுமே.

பாறையைத் தேடும் முறை

பாறை நகராது, பருவந்தோறும் மாறாது. எனினும் பல பாறைகள் கிடக்கும் இடத்தில் ஒன்று மற்றொன்றாகத் தோன்றி ஏமாற்றும். எனவே தேர்ந்த ஓட்டக்காரர் பாறையை நோக்கி நேரே ஓடுவதில்லை. ஓடை வளைவு, கண்மாய்க்கரை போன்ற தவறவிட முடியாத ஓர் இடத்தை முதலில் அடைவார். அங்கிருந்து திசைகாட்டியைப் பார்த்து, அடிகளை எண்ணிச் செல்வார். கொடி பாறையின் பின்னால் மறைந்திருக்கக்கூடும். ஆதலால் அது எந்தப் பக்கம் உள்ளது என்பதும் குறிப்பில் தரப்படும்.

தாத்தாவின் படம்

இதைப் படித்தபோது ஆடு மேய்த்த என் தாத்தா நினைவுக்கு வந்தார். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. காணாமற்போன ஆட்டைத் தேட என்னை அனுப்பும்போது, "கம்மாக்கரையில ஏறிப் போடா, ஒத்தக்கல்லுக்குத் தெக்கால நிக்கும்" என்பார். கரை முதலில், கல் பிறகு, அதன் பக்கம் கடைசியில். நான் கல்லூரிக்கு வந்து கற்ற முறை இதுவேயன்றோ!

அந்த ஒற்றைக்கல் இன்று இல்லை. உடைத்து எடுத்துச் சென்றுவிட்டார்கள். தாத்தா மட்டும் இன்றும் 'ஒத்தக்கல்லுக்குத் தெக்கால' என்றே சொல்கிறார். அவர் எந்த இடத்தைச் சொல்கிறார் என்பது என் தம்பிக்குப் புரிவதில்லை.

மேலூரை அடுத்த அரிட்டாபட்டி 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டு, அங்குள்ள குன்றுகள் காவல் பெற்றன. பெயரில்லா ஒற்றைக்கற்களுக்கு அத்தகைய காவல் இல்லை. நண்பர்களே, விடுமுறைக்கு ஊர் செல்கையில் ஒரு தாளும் திசைகாட்டியும் எடுத்துச் செல்லுங்கள். பெரியவர்களை உடன் அழைத்து, அவர்கள் சொல்லும் கற்களைப் புள்ளிகளாகக் குறியுங்கள். கல் போனாலும் அது இருந்த இடமேனும் நம்மிடம் நிற்கட்டும்!